ஊதாமல் விட்ட கடைசிச் சொட்டு

போன நோன்பு மாதம் வரைக்கும் என் மேசை லாச்சிக்குள் ஒரு கண்ணாடிக் குழாய் கிடந்தது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், பென்சிலை விடச் சற்று மெல்லிசு, உடம்பு முழுக்க அளவுக்கோடுகள். ஆய்வுகூடத்தில் பிப்பெட் என்போம்; பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகத்தில் அதற்குக் குழாயி என்று பெயர். நுனியில் அரிசி அளவுக்கு உடைந்திருக்கும். அதன் மேல்முனையை வாயில் வைத்துத் திரவத்தை உறிஞ்சி எடுத்து, வேண்டிய கோடு வந்ததும் விரலால் மூடிவிடுவது அந்தக் காலத்து வழக்கம். பற்றீரியா வளர்ந்த திரவத்தையும் அப்படித்தான் எடுத்தோம். வாய்க்கும் பற்றீரியாவுக்கும் நடுவில் ஒரு துண்டுப் பஞ்சுதான் காவல். இன்றைய மாணவர்களிடம் இதைச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள். "வாயாலயா மிஸ்?" என்று கேட்ட ஒருத்தி அன்று மத்தியானம் எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடவே யோசித்தாள். நான் உறிஞ்சியதோடு நிற்கவில்லை, ஊதவும் செய்தேன் என்பதை அவளுக்குச் சொல்லவில்லை. அந்த ஊதலால் ஒன்றரை வருட வேலையை நானே அழித்துக்கொண்டிருந்தேன். அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர் ராத்தா.

முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். எங்கள் ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உதவியாளர் அவர். கெலிஓயாவிலிருந்து காலையில் முதல் பஸ்ஸில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடுவார். என்னை விட இரண்டு வயதுதான் கூட. வந்த முதல் வாரத்தில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட, பெயரெல்லாம் சம்பளப் பதிவுக்கு, ராத்தா என்று கூப்பிட்டால் போதும் என்றுவிட்டார். மற்றவர்கள் முன்னால் என்னை அவர் "மிஸ்" என்பார். தனியாக இருக்கும்போது "தங்கச்சி". நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கட்டுகஸ்தோட்டையில் ஓர் ஆசிரியை வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தமிழருக்கு எதிரான எண்பத்து மூன்று ஜூலைக் கலவரம் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. வடக்கே யுத்தம் பிடித்துவிட்டது. வீட்டுக் கடிதம் ஒரு மாதம் கழித்து வரும், சில வேளை இரண்டு கடிதம் ஒன்றாக வரும். அந்த நாட்களில் என்னை ஒருவர் உறவு சொல்லிக் கூப்பிடுவது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று அப்போது தெரியவில்லை. அது நின்றபோதுதான் தெரிந்தது.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பற்றீரியாவின் உடம்பைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. செங்கல் சுவர் மாதிரி அல்ல, வலை மாதிரிப் பின்னிய சுவர். பற்றீரியா வளர வளர அந்த வலையை அங்கங்கே அவிழ்த்துப் புது இழை சேர்த்து மறுபடி தைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தைக்கிற வேலையைச் செய்வது ஒரு நொதியம். அந்த நொதியத்தின் கையைக் கட்டிவிட்டால் தையல் விட்டுப்போகும், சுவர் பிரியும், வெளித் தண்ணீர் உள்ளே ஏறிப் பற்றீரியா வெடித்துவிடும். பென்சிலின் செய்வது அதைத்தான். மனித உடம்பைக் கட்டியிருக்கிற நுண்ணிய கலங்களுக்குச் சுவரே கிடையாது, ஆகவே தையல்கார நொதியமும் கிடையாது. அதனால் அதைத் தாக்குகிற மருந்து நோயாளியை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் பிடிக்கும். ஆனால் அந்த வருடங்களிலேயே பென்சிலினை வெட்டித் துண்டாக்கும் பற்றீரியாக்கள் ஆஸ்பத்திரிகளில் பெருகத் தொடங்கியிருந்தன. காயத்தோடு வந்த இளம் ஆட்கள், குண்டுக்குத் தப்பிச் சீழுக்குத் தோற்றுப்போனதை நாங்கள் கேள்விப்பட்டுக்கொண்டே இருந்தோம். அதே நொதியத்தை வேறொரு கையால் பிடிக்கிற புது மருந்து எங்காவது மண்ணுக்குள் இருக்காதா என்று தேடுவது எங்கள் வேலை.

மகாவலிக் கரையில், மூங்கில் புதருக்கு அடியில் எடுத்த மண்ணில் அப்படி ஒன்று கிடைத்தது போலத்தான் இருந்தது. அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிர் சுரந்ததை உலர்த்தி எடுத்த மஞ்சள் நிறத் தூள், பற்றீரியாவைக் கொன்றது. ஆனால் எப்படிக் கொன்றது என்பதுதான் கேள்வி. சுவரைப் பிரித்துக் கொன்றதா, அல்லது சவர்க்காரம் மாதிரி உள்ளே இருக்கிற மென்சவ்வையே கரைத்துக் கொன்றதா? இரண்டாவது என்றால் அது மனிதரையும் கரைக்கும், குப்பைக்குத்தான் ஆகும். எங்கள் பேராசிரியர் கண்டியைச் சேர்ந்த சிங்களவர், குரலை உயர்த்தாத மனிதர். எல்லாவற்றையும் கொல்லும் நஞ்சு வேண்டுமென்றால் தரை கழுவுகிற லைசோல் போத்தல் போதுமே என்று சிரித்தபடி சொன்னார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: படிப்புத் தவணை முடிவதற்குள் அது சுவரைத்தான் தாக்குகிறது என்று காட்ட முடியாவிட்டால் அந்த அறையை வேறு ஆய்வுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும், என் நியமனமும் அத்தோடு முடியும். அதே கிழமை அம்மாவின் கடிதம் வந்தது. லண்டனில் ஒரு மாப்பிள்ளை, படம் உள்ளே இருக்கிறது, வேலை முடிந்தால் யோசி என்று. படத்தில் இருந்தவர் பார்க்க நல்லவராகத்தான் இருந்தார். எனக்குத்தான் அந்த மஞ்சள் தூளை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

சோதனை கேட்பதற்கு எளிது. சுவர் பிரிந்த பற்றீரியா வெறுந் தண்ணீரில் ஊறின உழுந்து மாதிரி உப்பி வெடித்துவிடும். ஆனால் கடும் சீனித் தண்ணீரில் வைத்தால் தண்ணீர் உள்ளே ஏறாது. சுவர் போனாலும் உயிர் தங்கும். கோல் வடிவம் போய் உருண்டையாகி நிற்கும். அந்த உருண்டைகளை நுணுக்குக்காட்டியில் கண்டால் வெற்றி. "பூச்சிக்கு நல்ல சீனித் தண்ணி, எங்களுக்கு மட்டும் பிளேன்டீ. என்ன ஞாயம் தங்கச்சி இது?" என்று ராத்தா ஒவ்வொரு தடவையும் சீனியை நிறுக்கும்போது கேட்பார். அவர் எல்லாவற்றையும் ஆயத்தம் செய்து தர, கடைசிப் படியை நான் செய்வேன். தூளில் ஊறிய பற்றீரியாவைக் குழாயியால் உறிஞ்சி, புதுச் சீனித் தண்ணீருக்குள் விட்டு, இரண்டு மூன்று தரம் இழுத்து ஊதிக் கலக்கி, கடைசிச் சொட்டையும் ஃபூ என்று ஊதி வெளியேற்றுவேன். எனக்கு எதிலும் பொறுமை கிடையாது. மாதக் கணக்காக ஒரு உருண்டையும் தெரியவில்லை, வெறும் கசடுதான். பென்சிலினை வைத்து ஓர் ஒப்பீட்டுச் சோதனையும் செய்தேன், அதிலாவது உருண்டைகள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பென்சிலின் பழசாகிவிட்டது என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். அடுத்த முறை சீனியில் ஈரம் என்று எழுதினேன். என் கையைப் பற்றியோ வாயைப் பற்றியோ ஒரு வரிகூட எழுதவில்லை.

தவணை முடிய மூன்று கிழமை இருக்கும்போது நோன்பு தொடங்கியது. மஞ்சள் தூள் இன்னும் இரண்டு சோதனைக்குத்தான் காணும். புதிதாகச் சுரக்க வைக்க ஒரு மாதம் பிடிக்கும். அதில் முதல் சோதனைக்கு நாள் குறித்த அன்று காலை, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்தார்கள். எல்லாரும் இறங்கி அடையாள அட்டை காட்ட வேண்டும். என்னுடைய அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். மற்றவர்கள் ஏறிப் போனார்கள், என்னை ஒரு பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். எங்கே வேலை, என்ன வேலை, பற்றீரியா என்றால் என்ன, அதை எதற்கு வளர்க்கிறாய் என்று வெவ்வேறு ஆட்கள் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். கிருமி வளர்க்கிற யாழ்ப்பாணத்துப் பெட்டை என்றால் அவர்களுக்கும் சந்தேகம் வராமல் என்ன செய்யும். நான் தங்கியிருந்த வீட்டு ஆசிரியைக்குத் தகவல் போய், அவர் வந்து எனக்குப் பொறுப்பு நின்று, என்னை விடும்போது நேரம் இரண்டு மணிக்கு மேல். பயமும் அவமானமும் சேர்ந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். அந்தக் கோபத்தை அப்படியே தூக்கிக்கொண்டு பேராதனைக்குப் போனேன்.

ராத்தா சோதனையைத் தானே செய்து முடித்திருந்தார். "பூச்சி ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு ஈக்குமா? அதுட பருவம் தப்பிச்சிண்டா எல்லாம் வீண். அதுதான் நானே போட்டன்" என்றார். முகத்தில் நோன்புக் களைப்பையும் மீறி ஒரு வெளிச்சம் இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. கதிரையில் உட்காராமலே நுணுக்குக்காட்டியில் குனிந்து பார்த்தேன். உருண்டைகள். கண்ணாடித் தட்டு முழுக்க உருண்டைகள். இத்தனை மாதம் ஏங்கிய காட்சி கண்முன்னால் இருந்தபோது நான் நம்பவில்லை. மனிதத் தோலில் உருண்டையாகவே பிறந்து வாழும் பற்றீரியா உண்டு, கொக்கசு என்போம், கவனமில்லாத கையிலிருந்து விழுந்து சோதனையைக் கெடுத்துவிடும். அதுதான் இது என்று ஒரு நொடியில் முடிவு கட்டினேன். "என்ன ராத்தா இது, கொக்கசு விழுந்திருக்கு. கை கழுவாமலே தொட்டனீங்கள்?" என்று கேட்டேன். நாளைக்கு ஐந்து நேரமும் கை கால் முகம் கழுவி ஒலுச் செய்து தொழுகிற, அதுவும் நோன்போடு இருக்கிற ஒரு மனுசியிடம் கேட்ட கேள்வி அது. அதோடு விடவில்லை. சோதனைக் குழாய்கள் அத்தனையையும் லைசோல் வாளிக்குள் கவிழ்த்தேன். குறிப்புப் புத்தகத்தில் அவர் எழுதியிருந்த பக்கத்தை வாசிக்காமலே சிவப்புப் பேனையால் குறுக்கே கீறி, உதவியாளரின் பிழை என்று எழுதினேன்.

ராத்தா வாளியைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். போய்க் கை கழுவிவிட்டு வந்தார். நான் பார்க்க வேண்டும் என்றே கழுவினார் என்று நினைக்கிறேன். பிறகு ஒரு சின்னப் போத்தலில் வடித்த தண்ணீர் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "நான் ஒண்டும் செல்லல்ல மிஸ். தட்டு இன்னம் காயல்ல. ஒரு சொட்டு வெறுந் தண்ணி உட்டுப் பாருங்க" என்றார். அறையில் எங்கள் இருவரையும் தவிர ஒருவரும் இல்லை. ஆனாலும் மிஸ் என்றார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதைச் செய்தேன். தட்டின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, மறுபக்கத்தில் ஒற்றுத்தாளைப் பிடித்தால் தண்ணீர் மெல்ல உள்ளே ஊர்ந்து போகும். கொக்கசு என்றால் தண்ணீரில் ஒன்றும் ஆகாது. சுவரோடு பிறந்த உயிர் அது. நான் பார்த்துக்கொண்டிருக்க, ஓரத்தில் இருந்த உருண்டை ஒன்று பெருத்தது. இன்னும் பெருத்தது. பிறகு அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அதற்குப் பக்கத்தில் இருந்ததும் போனது. தண்ணீர் போகப் போக வரிசையாக ஒவ்வொன்றாக உப்பி இல்லாமல் போயின. மஞ்சள் தூள் சுவரைத்தான் பிரித்திருந்தது. ராத்தாவின் கை சுத்தமாகத்தான் இருந்தது.

கண்ணை எடுத்துவிட்டுப் புத்தகத்தை இழுத்து, சிவப்புக் கீறலுக்குக் கீழே இருந்ததை அப்போதுதான் வாசித்தேன். அவருடைய முத்துமுத்தான எழுத்தில், "உருண்டைகள். பெரியவை. ஒன்றுபோல் ஒன்று இல்லை" என்று இருந்தது. கொக்கசு எல்லாம் ஒரே அளவாக இருக்கும். நான் வருவதற்கு முன்னாலேயே அவர் கண்டதை நான் காணவில்லை. இத்தனை மாதம் வராத உருண்டை இன்றைக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் குழாயியைக் கையில் எடுத்தார். "நோம்போட வாயால இழுக்க ஏலாதே மிஸ். தவறி ஒரு சொட்டுத் தொண்டக்குள்ள போனா நோம்பு போயிரும்" என்று சொல்லிக்கொண்டே குழாயியைத் தண்ணீருக்குள் நேரே இறக்கினார். தண்ணீர் தானாக உள்ளே ஏறியது. மேல்முனையை விரலால் மூடித் தூக்கினார். சோதனைக் குழாய் ஒன்றின் உட்சுவரில் நுனியைச் சாய்த்து விரலைச் சற்றே தளர்த்தினார். தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்து இறங்கியது. உறிஞ்சல் இல்லை, ஊதல் இல்லை, கலக்கல் இல்லை. கடைசிச் சொட்டு நுனியிலேயே நின்றது, அதை அவர் அப்படியே விட்டுவிட்டார். சுவர் இல்லாத உயிர்களை நான் மாதக் கணக்காக வாயால் ஊதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். பென்சிலினிலும் பிழை இல்லை, சீனியிலும் பிழை இல்லை.

அப்போது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ராத்தா கெலிஓயா பஸ்ஸுக்குப் போய்விட்டார். அடுத்த நான்கு நாளும் என்னை மிஸ் என்றே கூப்பிட்டார், வேலையில் ஒரு குறையும் வைக்காமல். ஐந்தாம் நாள் மிச்சத் தூளை வைத்துக் கடைசிச் சோதனை. தவறினால் அறையும் போச்சு, நானும் போனேன். ராத்தா வழக்கம்போல் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டு, குழாயியை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. "நீங்கள் செய்யுங்கோ ராத்தா. என்ரை கையை நான் நம்பேல்லை" என்றேன். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு செய்தார். ஒரு குழாய்க்குச் சொட்டுச் சொட்டாக ஐந்து நிமிடம். இம்முறை பென்சிலின் ஒப்பீடும் வைத்தோம், தூள் போடாத குழாயும் வைத்தோம். நான் யன்னலோரம் போய் நின்று மழையைப் பார்த்தேன். உள்ளே பார்க்கத் தைரியம் இல்லை. நுணுக்குக்காட்டியில் முதலில் குனிந்தவர் அவர்தான். நிமிராமலே சொன்னார்: "வந்து பாருங்க தங்கச்சி."

உருண்டைகளைப் பிறகுதான் பார்த்தேன். முதலில் என் கண் நிறைந்துவிட்டது, ஒன்றும் தெரியவில்லை.

அறிக்கை எழுதுவது சோதனையை விடக் கடினமாக இருந்தது. முந்திய தோல்விகளுக்குக் காரணம் என்ன என்று பேராசிரியர் கேட்பார். பென்சிலின் பழசு என்று ஏற்கெனவே எழுதியதை அப்படியே விட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் அதை யோசித்தேன் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பிறகு, ஆய்வாளர் வாயால் ஊதிக் கலக்கியதால் சுவர் இழந்த கலங்கள் சிதைந்தன, உதவியாளரின் முறையில் அவை பிழைத்தன என்று எழுதினேன். சிவப்பில் கீறிய பக்கத்தையும் கிழிக்காமல் புத்தகத்தோடு கொண்டுபோய் மேசையில் வைத்தேன். பேராசிரியர் நெடுநேரம் வாசித்தார். அறை எங்களுக்கே இருக்கட்டும் என்றார். கட்டுரை அச்சானபோது ராத்தாவின் பெயரும் எழுதியோர் வரிசையில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன், உதவியாளர்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் நன்றி போடுவதுதான் வழக்கம் என்றாலும். வந்தது. அம்மாவுக்கு, படத்தில் இருப்பவரிடம் வேறு பெண் பார்க்கச் சொல்லுங்கோ என்று எழுதினேன்.

அந்தத் தூள் உலகத்தை மாற்றவில்லை. வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று அதைப் பிரித்துப் பார்த்து, ஏற்கெனவே தெரிந்த ஒரு மருந்தின் ஒன்றுவிட்ட சகோதரம்தான் இது என்று பதில் அனுப்பியது. ஒரு கிழமை நான் ஆய்வு மேசைப் பக்கமே போகவில்லை. ராத்தா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "சோதன கைல ஈக்கே தங்கச்சி. மண்ணு முடிஞ்சிட்டா?" என்று கேட்டார். மண் முடியவில்லை. ஊரடங்கு போட்டார்கள், எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள். கம்பஸ் மூடிக் கிடந்த மாதங்களும் உண்டு. திறந்திருந்த நாளெல்லாம் நாங்கள் மண் எடுத்தோம். யுத்தமும் முடிந்தது, ராத்தாவும் ஓய்வு பெற்றார். வாயால் உறிஞ்சுவதை எப்போதோ தடை செய்துவிட்டார்கள். இப்போது பொத்தானை அழுத்தினால் தானே அளந்து எடுக்கும் கருவி. ஆனால் நொதியங்களைத் தேடும் எந்தப் பிள்ளை எங்கள் அறைக்கு வந்தாலும், சுவர் போன கலத்தைக் குழாயின் பக்கத்தில் சாய்த்துத்தான் விட வேண்டும், கடைசிச் சொட்டைத் துரத்தக் கூடாது என்று முதல் நாளே கற்றுக்கொள்கிறது. போன வருடம் ஒரு மாணவி நாவலப்பிட்டிப் பக்கத்து மண்ணிலிருந்து எடுத்த ஒன்று, சுவர் தைக்கும் நொதியத்தை இதுவரை யாரும் பிடிக்காத இடத்தில் பிடிக்கிறது போலிருக்கிறது. போலிருக்கிறது என்றுதான் சொல்கிறேன். பொறுமை எனக்கும் கொஞ்சம் வந்துவிட்டது.

அந்தச் செய்தியையும் குழாயியையும் எடுத்துக்கொண்டு போன நோன்பில் கெலிஓயாவுக்குப் போனேன். ராத்தாவின் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது, கையில் இலேசான நடுக்கம். நோன்பு திறக்கும் மேசையில் கஞ்சியும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். மாணவியின் முடிவுகளை நான் சொல்லச் சொல்ல, "பென்சிலின் ஒப்பீடு வச்சாங்களா? தூள் போடாத குழா வச்சாங்களா?" என்று ஒவ்வொன்றாக விசாரித்துத் திருப்திப்பட்டார். பிறகு நான் சொன்னேன், "ராத்தா, கை கழுவினீங்களோ எண்டு அண்டைக்குக் கேட்டதுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ." அவர் என் முகத்தை நேரே பார்த்தார். "நீங்க அத மறந்திட்டீங்க எண்டு நெனச்சன்" என்றார். "நான் மறக்கல்ல தங்கச்சி. மன்னிச்சிட்டன், ஆனா மறக்கல்ல." இவ்வளவு காலம் அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டது, அதை மனதில் வைத்துக்கொண்டேதான். எனக்கு அழுகை வந்தது, இம்முறை கோபமாக மாறவில்லை.

கைக்குட்டையில் சுற்றியிருந்த குழாயியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். மூன்று தரம் நீராவியில் அவித்துத்தான் கொண்டுவந்தேன் என்றேன். "கை கழுவிட்டா அவிச்ச?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு அதை எடுத்துத் தண்ணீர்க் கிளாசுக்குள் நேரே இறக்கி, மேல்முனையை விரலால் மூடித் தூக்கினார். கை நடுங்கியது. குழாயிக்குள் தண்ணீர் அசையவில்லை. கிளாசின் ஓரத்தில் நுனியைச் சாய்த்து விரலைத் தளர்த்தினார். தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்து இறங்க, உடைந்த நுனியில் கடைசிச் சொட்டு மட்டும் தொங்கிக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அது தானாக விழுந்தபோது பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியது. ராத்தா குழாயியைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினார்.